ஆங்கிலேயப் பேராலயத்தில் மாலை ஆராதனைக்கு ஆர்கன் வாசிப்பது எப்படி

ஆகஸ்டு மாதம் இங்கிலாந்தின் பேராலயங்களில் சொந்தப் பாடகர் குழுவுக்கு விடுமுறை. பாடும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆராதனை மட்டும் நிற்பதில்லை. வெளியூர், வெளிநாட்டுக் குழுக்கள் முறைவைத்து வந்து பாடும். அப்படி வரும் குழு ஒன்றோடு ஆர்கன் வாசிக்கப் போகிறவருக்காக இது எழுதப்படுகிறது. ஊர்ச் சபையில் இரண்டு மேனுவல் (கையால் வாசிக்கும் சாவி வரிசை) ஆர்கனில் நன்றாகப் பழகியவர் என்று வைத்துக்கொள்வோம். அங்கே போய் அவர் தடுமாறினால் விரல் காரணமாக இருக்காது, காதுதான் காரணம். நாற்பது வருடம் நம்பிய காதை ஒரு மணி நேரம் பூட்டி வைக்கத் தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

புறப்படுவதற்கு முன்

பேராலயத்தின் இசை அலுவலகத்துக்கு எழுதி ஐந்து விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: முழு ஸ்டாப் பட்டியல் (ஸ்டாப் என்பது ஒரு குழாய் வரிசையைப் பேசவைக்கும் குமிழ்), வாசிப்பவர் அமரும் கன்சோலின் தெளிவான படம், விருந்தினர் ஆர்கனிஸ்டு தன் ஸ்டாப் தொகுப்புகளைப் பதிய ஒதுக்கிய மெமரி எண், பயிற்சிக்குக் கிடைக்கும் நேரம், குழாய்கள் கட்டடத்தில் எங்கே நிற்கின்றன என்ற விவரம். கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. கேட்காததற்கு அங்கே போய் வருந்துவார்கள்.

எக்ஸெட்டர், யார்க், க்ளாஸ்டர், லிங்கன், நார்விச் ஆகிய இடங்களில் ஆர்கன் நடுக் கல் திரைச்சுவரின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் பாடகர் இருக்கைகள், மறுபக்கம் சபையார் அமரும் நீண்ட கூடம், இரண்டுக்கும் அது பொது. லண்டன் செயின்ட் பால்ஸில் ஹென்றி வில்லிஸ் 1872-இல் ஆர்கனை இரண்டாகப் பிளந்து பாடகர் இருக்கைகளின் இரு பக்கமும் வைத்தார். தரைக்கடியில் காற்றுக்குழாய் ஓட்டி இரண்டையும் இணைத்தார். டர்ஹாம் (1876), சாலிஸ்பரி (1877) ஆர்கன்களும் அதே மாதிரி இருபுறம் நிற்பவை. அப்படிப் பிளந்த ஆர்கனில் கன்சோலுக்குப் பக்கத்தில் இருக்கும் பகுதி காதைப் பிளக்கும். எதிர்ப்பக்கம் இருப்பது ஏதோ பக்கத்துத் தெருவில் வாசிப்பது போலக் கேட்கும். கீழே பாடுகிறவர்களுக்கு இரண்டும் சமமாகவே கேட்டுக்கொண்டிருக்கலாம். மேலே உட்கார்ந்து சமன் பார்த்து ஸ்டாப் கூட்டிக் குறைத்தால் கீழே குழம்பும்.

சங்கீதம் எது என்று தேதியைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். ஆங்கிலிக்கன் பொதுஜெபப் புத்தகம் 150 சங்கீதங்களையும் 30 நாளைக்குக் காலை, மாலை என்று 60 பங்காகப் பிரித்திருக்கிறது. 15-ஆம் தேதி மாலை உங்கள் தலையில் விழுந்தால் அது 78-ஆம் சங்கீதம், எழுபதுக்கு மேல் வசனங்கள். இப்போது பல இடங்களில் அதைக் குறைத்துப் பாடுகிறார்கள். எத்தனை வசனம், எந்த சாண்ட் (வசனங்களைப் பாடும் குறு மெட்டு) என்பதைக் கேட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பல பேராலயங்களில் வெள்ளிக்கிழமை ஆர்கன் இல்லாமலே பாடுவது வழக்கம். அந்த நாள் உங்களுக்கு வந்தால் முன்னும் பின்னும் வாசிப்பதோடு சரி, சில இடங்களில் அதுவும் இருக்காது.

தோல் அடியுள்ள மெல்லிய, குதிகால் வைத்த சப்பாத்து ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். தெருவில் நடந்த சப்பாத்தோடு பெடல் மேல் கால் வைக்காதீர்கள். அடியில் ஒட்டிய மணல் பெடலுக்குள் இறங்கினால் அதை எடுக்க ஆள் வர வேண்டும்.

யார் கட்டியது என்று பார்த்துவிட்டு ஸ்டாப்பை இழுங்கள்

ஒரே பெயர் எழுதிய ஸ்டாப் இரண்டு ஆர்கனில் இரண்டு விதமாகப் பேசும். கட்டியவரின் கை தெரிந்தால் பயிற்சி நேரத்தில் பாதி மிச்சம்.

‘ஃபாதர்’ வில்லிஸ் (1821–1901) கட்டியவற்றில் ட்ரூரோ (1887), ஹெரிஃபர்ட் (1892), லிங்கன் (1898), சாலிஸ்பரி முதலியவை இன்றும் அவர் குரலிலேயே பேசுகின்றன. அவர் ஆர்கனின் உயிர் ரீட் ஸ்டாப்புகளில் இருக்கிறது. நாதஸ்வரத்துக்குச் சீவாளி போல இங்கே பித்தளை நாக்கு. அவருடைய மிக்ஸ்சரில் (ஒரு சாவிக்குப் பல உயர் சுரங்கள் சேர்ந்தொலிக்கும் ஸ்டாப்) மூன்றாம் சுரத்தின் மேல்ஒலி கலந்திருப்பதால் அதைத் தனியாக, ஆர்கனின் அடிப்படைக் குரலான டயபேசன் மேல் வைத்தால் சற்றுப் புளிக்கும். ரீட் சேர்ந்ததும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே வில்லிஸ் ஆர்கனில் மிக்ஸ்சரையும் ரீடையும் அண்ணன் தம்பியாக நினைத்துச் சேர்த்தே கொண்டுவாருங்கள்.

நீங்கள் காலை வைக்கும், குழிந்து விசிறி போல் விரியும் பெடல் வரிசையும் வில்லிஸ் பரப்பியதே. யோசனை ஆர்கனிஸ்டான சாமுவேல் செபாஸ்டியன் வெஸ்லியுடையது என்பார்கள். பல ஸ்டாப்புகளை ஒரே அழுத்தில் கொண்டுவர, கட்டைவிரலால் அழுத்தும் பிஸ்டன் பொத்தானையும் வில்லிஸ் 1851 லண்டன் கண்காட்சி ஆர்கனில் வைத்துக் காட்டினார். வெஸ்லியின் வற்புறுத்தலால் அந்த ஆர்கனின் ஒரு பகுதி 1854-இல் வின்செஸ்டர் பேராலயத்துக்குப் போனது.

ஆர்தர் ஹாரிசன் (1868–1936) டர்ஹாமில் இருந்த ஹாரிசன் அண்ட் ஹாரிசன் நிறுவனத்தின் குரல் அமைப்பாளர். டர்ஹாம் (1905), ஈலி (1908) ஆகியவை அவர் கைபட்டவை. இவருடைய கிரேட் எனப்படும் முதன்மை மேனுவலில் இரண்டு மூன்று ஓப்பன் டயபேசன் இருக்கும். முதலாவது, பெரியது, உதட்டில் தோல் ஒட்டிய கனத்த குரல். அதை எப்போதும் இழுத்து வைத்தால் எல்லாம் கஞ்சி போல் கெட்டியாகிவிடும். பாடகர்களோடு வாசிக்க இரண்டாவதோ மூன்றாவதோ போதும். கிரேட்டில் உள்ள ட்ராம்பா ரீடுகள் உயர் அழுத்தக் காற்றில் பேசுபவை. ஒரு படி ஏறப்போய் நான்கு படி தாண்டிவிடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘ஹார்மோனிக்ஸ்’ என்ற மிக்ஸ்சரை அவர் வைத்தார். முதலில் அது, பிறகு ட்ராம்பா.

வில்லியம் ஹில் குடும்பத்தார் கட்டியவை, உதாரணமாகப் பீட்டர்பரோ (1894), மென்மையான டயபேசனும் தெளிந்த மிக்ஸ்சரும் கொண்டவை. ரீட் இல்லாமலே 8, 4, 2 அடி (குழாயின் நீளம்; குறையக் குறையச் சுரம் உயரும்), மிக்ஸ்சர் என்று அடுக்கினால் நிறைவாக நிற்கும். இன்னொரு கோடியில் க்ளாஸ்டர். 1971-இல் ஆர்கன் வடிவமைப்பாளர் ரால்ஃப் டவுன்ஸ் திட்டத்தில் ஹில், நார்மன் அண்ட் பியர்ட் நிறுவனம் மாற்றியமைத்த ஆர்கன் அங்கே பளிச்சென்று பேசியது. இசையமைப்பாளர் ஹாவெல்ஸை வாசிக்கத் தேவையான மங்கிய மூடுபனியை அங்கே வாசிப்பவரே தேடி உருவாக்க வேண்டியிருந்தது.

கன்சோலில் முதல் அரை மணி

90 நிமிடம் கிடைத்தால் முதல் 30 நிமிடம் ஒரு பாட்டும் வாசிக்காதீர்கள். காற்றூதும் ப்ளோயரைப் போட்டதும் துருத்திகள் நிரம்பச் சில விநாடி கொடுங்கள். எல்லா ஸ்டாப்பையும் ஒன்றாக அடக்கும் ஜெனரல் கேன்சலை அழுத்துங்கள். பெஞ்சின் உயரத்தை முட்டியும் கணுக்காலும் சொல்லும்படி சரிசெய்யுங்கள். எல்லா ஸ்வெல் பெடலும் (குழாய்ப் பெட்டியின் பலகைகளைத் திறந்து மூடி ஒலியைக் கூட்டிக் குறைப்பது) எந்தத் திசையில் திறக்கிறது என்று ஒருமுறை அழுத்திப் பாருங்கள். மெமரி எண் உங்களுக்குக் கொடுத்ததுதானா என்று இரண்டு முறை பாருங்கள். வேறு எண்ணில் எதையாவது பதிந்துவிட்டால் அந்தப் பேராலயத்தின் ஆர்கனிஸ்ட் மாதக்கணக்கில் சேர்த்து வைத்தது போய்விடும். அடுத்த வருடம் கடிதம் போட்டால் பதில் வராது.

மேனுவல் வரிசை கீழிருந்து மேலாக: கொயர், கிரேட், ஸ்வெல், சோலோ. இரண்டு மேனுவல் ஆர்கனில் அடியில் இருப்பது கிரேட். அந்தப் பழக்கத்தில் கை தானாக அடி வரிசைக்கு இறங்கும். சபை பாட எழுந்து நிற்க, கொயர் மேனுவலில் டல்சியானா என்ற மெல்லிய ஸ்டாப் ஒன்று முனகும். இந்தத் தவறை எல்லோரும் ஒருமுறை செய்வார்கள். அதைப் பயிற்சியிலேயே செய்துவிடுவது நல்லது. ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் மேனுவலின் பெயரைப் பென்சிலால் பெரிதாக எழுதுங்கள்.

பிறகு ஸ்டாப்புகளை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எல்லாவற்றையும் கேட்க நேரமில்லை. 8 அடிகள், ஸ்வெல் ரீடுகள், பெடல் 16 அடிகள் போதும். ஒவ்வொன்றிலும் நடு எண்வரிசையில் நான்கு சுரம், அடியில் ஒன்று, உச்சியில் ஒன்று. பேசாத சுரம், தாமதமாகப் பேசும் சுரம் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உதடுள்ள குழாய்களின் சுருதி உள்ளே இருக்கும் காற்றின் வெப்பத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் அரைச்சுருதியின் நூற்றில் மூன்று பங்கு அளவுக்கு ஏறும். 12 டிகிரியில் சேர்த்த ஆர்கன் 22 டிகிரியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அரைச்சுருதி உயர்ந்து நிற்கும். ரீடுகளில் சுருதியைப் பெரும்பாலும் நாக்கு ஆளுவதால் அவை அந்த அளவுக்கு நகர்வதில்லை. ஆகவே ஆகஸ்டு பிற்பகலில் ஓபோவோ கார்னோபியனோ மற்றவற்றை விடத் தாழ்ந்து கேட்டால் ரீட் கெட்டுப்போகவில்லை, மற்றவைதான் ஏறியிருக்கின்றன. தனி ரீடில் மெட்டு வாசித்து, துணைக்குப் புல்லாங்குழல் ஸ்டாப் வைக்கத் திட்டமிட்டிருந்தால் அதை மாற்றுங்கள். ஆர்கனுக்குள் ஏறிச் சுருதி கம்பியைத் தட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். அதற்கு ஆள் இருக்கிறார், ஒப்பந்தமும் இருக்கிறது.

தாமதம்: கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒலி ஒரு விநாடியில் சுமார் 343 மீட்டர் போகும். பாடகர்கள் குழாய்களிலிருந்து 20 மீட்டரில் இருந்தால் உங்கள் சுரம் அவர்களுக்குப் போய்ச்சேர 0.06 விநாடி. சமாளிக்கலாம். சபையின் கடைசி வரிசை 70 மீட்டரில் இருந்தால் அங்கே போக 0.2, அவர்கள் பாடியது உங்களிடம் திரும்ப 0.2, ஆக 0.4 விநாடி. நிமிடத்துக்கு 96 தாளம் என்ற வேகத்தில் ஒரு தாளம் 0.62 விநாடிதான். அதாவது சபை சரியாகப் பாடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் மூன்றில் இரண்டு பங்கு தாளம் பின்னால் இருப்பதாக உங்கள் காது சொல்லும். அதை நம்பி நீங்கள் நிதானித்தால் அவர்கள் இன்னும் நிதானிப்பார்கள். மூன்றாம் சரணத்தில் பாட்டு சவ ஊர்வலமாகிவிடும்.

ஆகவே விதி ஒன்றுதான். கண் இயக்குநரைக் காட்டும் கேமராத் திரையில், தாளம் உடம்பில். இசை இயக்குநரின் கை கீழே இறங்கும் இடத்தில் உங்கள் சாவி அடியைத் தொட வேண்டும். கேட்பது பிறகு. குழாய் தூரத்தில் இருந்தால் அவர் கையைச் சற்று முந்த வேண்டியும் வரும். எவ்வளவு என்பதை அவரோடு பேசி முடிவுசெய்யுங்கள். கன்சோலில் இருப்பது டிஜிட்டல் கேமராவும் தட்டைத் திரையும் என்றால் படமே சற்றுத் தாமதமாக வரக்கூடும். சில இடங்களில் பழைய கண்ணாடிக்குழாய் திரையை விடாமல் வைத்திருப்பதற்கு இதுதான் காரணம். இயக்குநரைக் கைதட்டச் சொல்லி, திரையில் கை சேரும் கணமும் காதில் விழும் தட்டும் எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள்.

சமன் பார்க்க ஒருவரைக் கீழே அனுப்புங்கள். அவர் இயக்குநர் நிற்கும் இடத்தில் ஒரு நிமிடம், சபையின் நடுவில் ஒரு நிமிடம் நிற்கட்டும். ஸ்வெல் 8 அடி, கிரேட் 8 அடி, ஸ்வெல் ரீட் பெட்டி மூடி, திறந்து, பெடல் 16 என்று வாசியுங்கள். அவர் விரலால் ‘அதிகம், சரி, குறைவு’ காட்டினால் போதும். மேலே உங்களுக்கு ஏறக்குறைய கேட்காத ஸ்டாப் அங்கே சரியாக இருப்பதும், உங்களுக்குச் சரியாகத் தோன்றியது அங்கே பாடகரை மூழ்கடிப்பதும் சாதாரணம். அவர் சொன்னதை எழுதிவைத்து அதன்படி செய்யுங்கள், உங்கள் காது என்ன சொன்னாலும்.

பிஸ்டன் பதிவு

ஸ்டாப்புகளை இழுத்து, ‘செட்’ பொத்தானை அழுத்திப் பிடித்தபடி வேண்டிய பிஸ்டனை அழுத்தி, பிஸ்டனை முதலில் விட்டு, பிறகு செட்டை விட வேண்டும். மாற்றி விட்டால் சில கன்சோல்களில் பதியாது. எட்டுப் பொதுப் பிஸ்டனுக்கு எந்த ஆர்கனிலும் எடுபடும் ஒரு வரிசை:

1. ஸ்வெல் சாலிஷனல் தனியாக. பெடலில் போர்டான் 16 அடி.
2. ஸ்வெல் 8, 4 அடி புல்லாங்குழல்கள். ஸ்வெல்–பெடல் கப்ளர் (இரண்டையும் இணைக்கும் குமிழ்).
3. அதோடு ஸ்வெல் டயபேசன், 4 அடி பிரின்ஸிபல், ஓபோ.
4. கிரேட் சிறிய ஓப்பன் டயபேசன், 4 அடி பிரின்ஸிபல், மூன்றாம் எண்ணின் ஸ்வெல் கிரேட்டோடு இணைந்து.
5. முழு ஸ்வெல்: 16, 8, 4 அடி ரீடுகள், மிக்ஸ்சர், பெட்டி இறுக மூடி. கிரேட் நான்காம் எண் போலவே.
6. கிரேட்டில் 2 அடி கூட, பெடலில் 8, 16 அடி டயபேசன். ஞானப்பாட்டின் வழக்கமான சரணத்துக்கு.
7. கிரேட் மிக்ஸ்சர், பெடலில் ஓப்பன் உட்.
8. கிரேட் ரீடுகள், பெடல் ரீட் 16, இருந்தால் 32 அடி.

மிக உரத்த ரீடான டியூபாவை எந்தப் பொதுப் பிஸ்டனிலும் வைக்காதீர்கள். சாதாரண கிரேட் டயபேசன் 3 முதல் 4 அங்குல நீர்மட்டக் காற்றழுத்தத்தில் பேசும். லிவர்பூல் பேராலயத்தின் டியூபா மாக்னா 50 அங்குலத்தில் பேசுகிறது. அது கையால் இழுக்க வேண்டிய ஸ்டாப், ஒரே குரல் வரிசை வாசிக்க மட்டும். கோர்வையாகச் சுரம் அழுத்தினால் கட்டடமே கத்தும்.

வரிசையில் ஐந்தாவதுதான் ஆங்கிலேயப் பேராலய ஒலியின் இரகசியம். நெருப்பை மண்சட்டியில் மூடி வைத்தது போல, பெட்டிக்குள் ரீடுகள் கொதித்துக்கொண்டிருக்கும், வெளியே வருவது அடங்கிய வெப்பம் மட்டும். காலால் மெல்லத் திறக்கத் திறக்க ஒரு ஸ்டாப்பும் சேர்க்காமலே ஒலி மூன்று மடங்காகும். பழக வேண்டியது திறக்கும் வேகம். முதல் கால்பங்குத் திறப்பிலேயே பெரும்பாலான ஒலி வெளியே வந்துவிடும். ஆகவே தொடக்கத்தில் மயிரிழையாக, கடைசியில் தாராளமாக. புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள்.

சங்கீதம்

ஆராதனையில் ஆர்கனிஸ்டின் தரம் தெரியும் இடம் சங்கீதம்தான், கடைசியில் வாசிக்கும் பெரிய உருப்படி அல்ல. ஒற்றைச் சாண்ட் 7 கட்டம், இரட்டைச் சாண்ட் 14 கட்டம். அதை நான்கு குரலோடும் மனப்பாடம் செய்துவிடுங்கள். அப்போதுதான் கண் வசனத்தில் இருக்கும். சுரத்தைப் பார்த்து வாசிப்பவருக்குச் சொல்லின் அசை எங்கே நீள்கிறது, எங்கே ஓடுகிறது என்று தெரியாது. பாடகர்கள் பேச்சு நடையில் போக, இவர் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்.

20-ஆம் தேதி மாலை வருவது 104-ஆம் சங்கீதம், 35 வசனம். இரட்டைச் சாண்ட் ஒரு சுற்றில் இரண்டு வசனம் விழுங்கும். 17 ஜோடி போக ஒன்று மிஞ்சும். அந்த ஒற்றை வசனத்துக்குச் சாண்டின் இரண்டாம் பாதியை மீண்டும் வாசிக்க வேண்டும். எந்த வசனத்தில் என்று இயக்குநரிடம் கேட்டு வட்டமிடுங்கள். இதைக் கேட்காமல் போய், பாடகர்கள் இரண்டாம் பாதியிலும் ஆர்கன் முதல் பாதியிலும் நிற்பதை விடக் கொடுமை ஆராதனையில் வேறில்லை.

இதே சங்கீதத்தில் வண்ணம் தீட்ட இடம் நிறைய. 7-ஆம் வசனத்தில் இடிமுழக்கம், 12-இல் கிளைகளில் பாடும் பறவைகள், 21-இல் கெர்ச்சிக்கும் சிங்கங்கள், 26-இல் கப்பல்களும் லிவியாதானும், 32-இல் புகையும் மலைகள். எல்லாவற்றுக்கும் ஒலி வைத்தால் மிருகக்காட்சிசாலை ஆகிவிடும். இரண்டோ மூன்றோ தேர்ந்தெடுங்கள். பறவைக்குக் கொயர் 4 அடி புல்லாங்குழலில் மேலே ஒரு தனி இழை, பெடல் இல்லாமல். சிங்கத்துக்கு ஸ்வெல் 16 அடி ஃபகோட்டோ, பெட்டி மூடி. இடியா, புகையும் மலையா என்று முடிவுசெய்து ஒன்றுக்கு மட்டும் 32 அடி. இரண்டாம் முறை கேட்டால் யாருக்கும் சிலிர்க்காது. ஒலி அந்தச் சொல்லோடு வர வேண்டும். இடி வசனத்தின் பின்பாதியில் வருகிறது, ஆகவே நடு நிறுத்தத்துக்குப் பிறகே இழுக்க வேண்டும்.

ஸ்டாப் மாற்றம் எப்போதும் வசன முடிவிலோ நடு நிறுத்தத்திலோதான். சில வசனங்களுக்குப் பெடலை விட்டுவிடுங்கள். திரும்பி வரும்போது அது அழகாக இருக்கும். ஓரிரு வசனத்துக்கு ஆர்கனையே நிறுத்திப் பாடகரைத் தனியே விடலாம், சுருதி இறங்காத குழுவாக இருந்தால். இறங்கும் குழுவாக இருந்தால் விஷப்பரீட்சை வேண்டாம். ஆர்கன் மறுபடி நுழையும் கணத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

மரியாளின் பாட்டும் சிமியோனின் பாட்டும்

முதல் வாசகம் முடிந்ததும் அறிவிப்பு எதுவும் இல்லாமல் மரியாளின் பாட்டு தொடங்கும். வாசிப்பவர் கடைசி வாக்கியம் சொல்லும்போதே உங்கள் பிஸ்டன் அழுத்தப்பட்டு, புத்தகம் திறந்து, கண் திரையில் இருக்க வேண்டும். பெட்டி மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இசையமைப்பாளர் ஸ்டான்ஃபோர்டின் ஜி மேஜர் அமைப்பு (1904) அடிக்கடி வரும். தனிச் சிறுவர் குரலுக்குக் கீழே ஆர்கன் பதினாறாம் சுரங்களில் ராட்டினம் போலச் சுழல வேண்டும். எதிரொலி பல விநாடி நீளும் கட்டடத்தில் அதை இழைத்து வாசித்தால் ஒரே இரைச்சல். 8, 4 அடி புல்லாங்குழல்கள் மட்டும், நரம்பிசை ஸ்டாப் வேண்டாம், ஒவ்வொரு சுரமும் முத்து முத்தாகப் பிரிந்து விழட்டும். கன்சோலில் அது வறட்சியாகக் கேட்கும். கீழே சரியாக இருக்கும்.

ஹாவெல்ஸின் க்ளாஸ்டர் சர்வீஸ் (1946) இதற்கு நேர்மாறு. அதில் ஒலி அலையலையாக எழுந்து வடிய வேண்டும். பிஸ்டனை அடித்து அடித்து ஏறினால் மாடிப்படி தெரியும். ஸ்வெல் பெட்டி முக்கால் திறந்த பிறகு ஒரு கிரேட் ஸ்டாப், உடனே பெட்டியைச் சற்று மூடி மீண்டும் திறப்பது, அடுத்த ஸ்டாப் என்று மாறி மாறி ஏறினால் எங்கே கூட்டினீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஞானப்பாட்டு

முன்னிசையை எந்த வேகத்தில் வாசிக்கிறீர்களோ அந்த வேகத்தில்தான் சபை பாடும். அதன் முடிவில் நிதானித்தால் அதையும் பின்பற்றுவார்கள். சரணங்களுக்கு நடுவில் விடும் இடைவெளி எல்லாச் சரணத்திலும் ஒரே தாள அளவாக இருக்கட்டும். முதல் இரண்டு இடைவெளியில் சபை அதைக் கற்றுக்கொள்ளும். மெட்டில் ஒரே சுரம் திரும்ப வந்தால் அரை அளவில் விரலைத் தெளிவாகத் தூக்கி மீண்டும் அடியுங்கள். நடுக்குரல்களில் அதே சுரத்தைக் கட்டிப் பிடிக்கலாம். கடைசிச் சரணத்துக்குப் புதுச் சுரக்கோர்வை போட ஆசைப்பட்டால் எல்லோரும் ஒரே குரலில் பாடுகிறார்களா என்று இயக்குநரிடம் முன்பே கேளுங்கள். பாடகர் நான்கு குரலில் நிற்க, நீங்கள் வேறு வழியில் போனால் மோதல்தான்.

சுரம் நிற்காமல் ஊதினால்

கையை எடுத்த பின்னும் ஒரு சுரம் ஒலித்துக்கொண்டே இருப்பதைச் சைஃபர் என்பார்கள். காற்றுவாய்த் தக்கையின் கீழே தூசி, ஈரத்தில் ஊதிய தோல், இயங்குமுறையில் சிக்கல், இப்படி ஏதோ ஒன்று காரணம். பதறாமல் இப்படிச் செய்யுங்கள். அந்தச் சாவியை ஐந்தாறு முறை சட்டென்று அடித்து விடுங்கள். பாதி சைஃபர் அதிலேயே போய்விடும். போகவில்லையென்றால் எந்த மேனுவல் என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு மேனுவலின் ஸ்டாப்புகளையும் கேன்சல் செய்யுங்கள். பிறகு அந்த மேனுவலில் ஸ்டாப்புகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுங்கள். ஒரு ஸ்டாப்பில் மட்டும் ஊதினால் அதை ஒதுக்கிவிட்டுத் தொடருங்கள். எல்லா ஸ்டாப்பிலும் அதே சுரம் ஊதினால் கோளாறு சாவியின் இயக்கத்தில். அந்த மேனுவலையும் அதன் கப்ளரையும் விட்டுவிட்டு வேறொன்றில் வாசியுங்கள். அதற்காகவே கொயர் மேனுவலில் உங்கள் துணைக்கோர்வை ஒன்று முன்பே பதிவாகி இருக்கட்டும்.

ப்ளோயரை நிறுத்துவது கடைசி வழி. துருத்தி இறங்கச் சில விநாடி ஆகும். அதுவரை அந்தச் சுரம் சுருதி சரிந்து முனகிக்கொண்டே சாகும், ஜெப நேரம் என்றால் எல்லாத் தலையும் மேலே திரும்பும்.

முடிந்த பின்

நிறைவு உருப்படிக்கு வேகமான மூன்று குரல் சொனாட்டாவைத் தவிருங்கள், எதிரொலியில் கரைந்துவிடும். பெரிய ஃப்யூக் (குரல்கள் ஒன்றையொன்று பின்தொடரும் உருப்படி) என்றால் வீட்டில் வாசிக்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு குறையுங்கள். கடைசிச் சுரத்தை விட்ட பின் கையைச் சாவியிலிருந்து எடுத்து மடியில் வைத்து, எதிரொலி அடங்கும் வரை எதையும் தொடாதீர்கள். அந்த அமைதியில் ஸ்டாப்பைத் தள்ளும் டக்டக் சத்தம் கடைசி வரிசை வரை போகும்.

பிறகு ஜெனரல் கேன்சல். மெமரி எண்ணைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோங்கள். ஸ்வெல், கொயர், சோலோ பெட்டிகள் எல்லாவற்றையும் முழுக்கத் திறந்துவிட்டு அதன் பிறகே ப்ளோயரை நிறுத்துங்கள். மூடி விட்டால் பெட்டிக்குள் வெப்பம் வெளியிலிருந்து மாறுபட்டு, காலையில் வாசிப்பவருக்கு ஸ்வெல் ஒரு சுருதியிலும் கிரேட் ஒரு சுருதியிலும் இருக்கும். ப்ளோயர் நின்ற பிறகு பல ஆர்கன்களில் பெட்டிப் பலகைகள் அசையாது, அதனால்தான் வரிசை முக்கியம்.

கன்சோல் பக்கத்தில் ஆர்கன் பழுது பார்ப்பவருக்கான நோட்டுப் புத்தகம் ஒன்று இருக்கும். ‘ஸ்வெல் சரியில்லை’ என்று எழுதினால் அவருக்கு எதுவும் விளங்காது. தேதி, மேனுவல், ஸ்டாப், சுரம், என்ன செய்கிறது, எப்போதும் செய்கிறதா சில நேரம் மட்டுமா, அப்போது ஆலயத்தின் வெப்பம் எவ்வளவு: இவ்வளவையும் ஒரே வரியில் எழுதிவிட்டு விளக்கை அணையுங்கள்.